பலூடாக் கடைக்கு ஒரு நாக்கு

சுபைதா பாஜியின் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மெற்றில்டா பலூடாவை அவிக்கப் பார்த்தவள். இங்கிலிஷ்காரர் நாட்டு இல்ஃபோர்ட்டில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

அவளிலும் பெரிய பிழை சொல்ல முடியாது. பாஜி சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்து, கண்ணாடி போல வரும்வரை கிண்டி, அந்தச் சூட்டோடு ஒரு பித்தளை அச்சுக்குள் போட்டு அவள் கையில் கொடுத்தாள். மெற்றில்டா அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் இருக்கிற இடியப்ப உரலுக்குத் தம்பி மாதிரி இருந்தது. பிறகென்ன, கை தன்பாட்டில் வேலை செய்தது. ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டம் வட்டமாகப் பிழிந்து முடித்துவிட்டு, "எங்கை பாஜி, அவிக்கிற ஸ்ரீமர்?" என்று கேட்டாள்.

பக்கத்திலேயே ஒரு பெரிய சட்டி நிறைய ஐஸ் தண்ணீர் இருந்தது. அச்சிலிருந்து வருகிற நூல் நேரே அந்தக் குளிருக்குள் விழ வேண்டும். விழுந்தவுடன் இறுகிப் பளபளவென்று வர வேண்டும். இது அவளுக்கு யார் சொன்னார்கள்? பாஜி சிரித்த சிரிப்பில் மா மூட்டைக்கு மேலே இருந்துவிட்டாள்.

"ஸ்டீமரா! அப்ப ஐஸ்கிரீமை என்ன செய்வாய், பொரிப்பாயா?"

பாஜி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா, பெஹன் என்றால் சகோதரி. பாஜி லாகூர்க்காரி, மெற்றில்டா பேசாலைக்காரி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலிஷ் கொஞ்சமும் கை அசைவு கொஞ்சமும்தான். மெற்றில்டா ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாஜியும் அவ்வளவுதான். படிப்புக் குறைந்த இரண்டு பெண்கள் ஒரு அடுப்பின் முன்னால் நின்றால் கதைக்கப் பாஷை போதாமல் போவதில்லை என்பதை அந்தக் கடையில் பார்க்கலாம். அவர்கள் பேசிக்கொண்டதை இங்கே தமிழில் சொல்லுகிறோம், அவ்வளவுதான்.

பலூடாவின் பிறப்பைப் பற்றி பாஜிக்கு ஒரு பெருமை உண்டு. "இது பாரசீகத்திலிருந்து ராஜாக்களோடு வந்தது, பெஹன். அங்கே இதற்குப் பாலே ஊற்றமாட்டார்கள். ஐஸும், பன்னீரும், தேசிக்காய்ப் புளியும்தான். பாலும் ஐஸ்கிரீமும் நாங்கள் போட்டது. மெருகு எங்களுடையது." உயரமான கண்ணாடிக் கோப்பையில் முதலில் சிவப்பு ரோஸ் சிரப், அதற்கு மேல் கசகசா என்று நாங்கள் சொல்லுகிற, ஊறி முழித்துப் பார்க்கிற துளசி விதை, பிறகு வெள்ளை நூல், பிறகு பாதியாக வற்றக் காய்ச்சிய ஏலக்காய்ப் பால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டி ஐஸ்கிரீம். குடிக்கிறதா, சாப்பிடுகிறதா என்று மெற்றில்டா முதலில் யோசித்தாள். பாஜி கரண்டியும் குழாயும் இரண்டையும் கொடுத்தாள்.

நாள் போகப் போக மெற்றில்டாவின் கை பாஜியின் கையை விடத் திறமாகப் பிழிந்தது. ஆனால் அந்தக் கடையில் அவள் கையை விட அவள் நாக்குக்குத்தான் மதிப்பு. அதுவும் றமழான் மாதத்தில்.

றமழானில் பாஜியும் கடையில் நிற்கிற மற்றப் பிள்ளைகளும் பகலெல்லாம் நோன்பு. தண்ணீர் கூடத் தொடமாட்டார்கள். ஆனால் நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் கடையில் சனம் நெருக்கியடிக்கும். அதற்கு முன்னால் பால் காய்ந்து, சீனி போட்டு, ஆறி, குளிர வேண்டும். சீனி சரியா என்று பார்க்க நோன்பில்லாத வாய் ஒன்று வேண்டும். அந்த வாய் மெற்றில்டாவுடையது.

"என் நாக்கு உன் வாய்க்குள் இருக்கிறது," என்று பாஜி சொல்லுவாள். "வாடகை தராமல் வைத்திருக்கிறாய்."

அந்த மாதத்தில் தவக்காலமும் கூடவே வந்தாலும் மெற்றில்டாவுக்கு ஒரு இடைஞ்சலும் இருந்ததில்லை. அவள் இறைச்சியும் மீனும் விடுவாள். பலூடாவில் இறைச்சியா கிடக்கிறது?

இந்த வருஷம்தான் எல்லாம் ஒன்றாக வந்து முட்டியது.

அவளுடைய மனிசன் செபஸ்தியாம்பிள்ளை நல்ல வாய்க்காரன். பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை செய்தவர், கோயில் திருநாள் என்றால் மைக்கை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிசனுக்கு குளிர்காலத் தொடக்கத்தில் ஸ்ரோக் வந்தது. ஆண்டவர் இரக்கம், உயிர் தப்பியது. வலது கை பாதி வந்தது. பேச்சும் மெல்ல மெல்ல, ஒரு சொல்லு இரண்டு சொல்லாக வந்தது. வராமல் நின்றது விழுங்குகிறதுதான். தண்ணீர் கொடுத்தால் அது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கப் பார்க்கும். அதனால் குடிக்கிற எல்லாவற்றிலும் ஒரு பவுடரைப் போட்டுத் தடிப்பாக்க வேண்டும். சோறு, கறி, பழம் எல்லாம் மசித்துக் கூழாக.

அதைக் கூட மெற்றில்டா தாங்கிக்கொண்டாள். அவள் மனதைக் குடைந்தது வேறொன்று. கோயிலிலிருந்து ஃபாதர் வீட்டுக்கு நன்மை, அதாவது பூசை அப்பம், கொண்டுவந்த அன்று செபஸ்தியாம்பிள்ளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மெல்லிய அப்பம் தொண்டையில் ஒட்டிவிடும் என்று அவருக்குப் பயம். ஆண்டவரைத் துப்பிவிடுவேனோ என்ற பயம் அதை விடப் பெரிது. ஃபாதர் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஆகவே விபூதிப் புதன் பூசையில், நெற்றியில் சாம்பலோடு, மெற்றில்டா ஒரு நேர்த்தி வைத்தாள். "ஆண்டவரே, இந்தத் தவக்காலம் முழுக்க என்ரை நாக்கிலை இனிப்பு வைக்கமாட்டன். உயிர்த்த ஞாயிறு, பாஸ்குத் திருநாளுக்கு, அவரின்ரை நாக்கிலை நீர் வாரும்."

சொல்லி முடித்து வெளியே வந்தபோது மனம் பஞ்சு மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் கடைக்குப் போனாள். பாஜி வாசலில் நின்று, "பிறை கண்டாகிவிட்டது! நாளைக்கு நோன்பு. உன் நாக்கைத் தீட்டிக்கொண்டு வா, பெஹன்!" என்றாள்.

மெற்றில்டா வாசலிலேயே நின்றுவிட்டாள். இனிப்பு என்று சொன்னபோது அவளுக்கு ஞாபகம் வந்தது வீட்டு றொட்டிச் சீனியும் ரீக்குப் போடுகிற சீனியும்தான். தன் வேலையே இனிப்பு என்பது அந்த நேரம் அவளுக்குத் தோன்றவே இல்லை. தச்சன் மரத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணின கணக்கு.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மனிசன் படுத்த பிறகு அவள் எத்தனையோ முறை பிந்திப் போயிருக்கிறாள், பாதியில் ஓடி வந்திருக்கிறாள். பாஜி ஒரு சொல் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் கேட்கிறது ஒரு கரண்டிப் பாலின் ருசி. அதையும் ஏலாது என்று எப்படிச் சொல்லுவது? அவள் கரண்டியை வாங்கினாள். பாஜி அங்கால் திரும்பினவுடன் பாலை மணந்து பார்த்தாள், கரண்டியின் முதுகில் எப்படிப் படிகிறதென்று பார்த்தாள், மனதுக்குள் ஒரு மாதா மன்றாட்டைச் சொன்னாள். "சரி பாஜி," என்றாள்.

மாதா கொஞ்ச நாள் காப்பாற்றினா.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. சனம் கூடுகிற நாள். பெரிய சட்டிப் பால் வற்றி இறங்கியது. மெற்றில்டா சீனியைப் போட்டுக் கலக்கிவிட்டு நூல் பிழியப் போனாள். அவள் போட்டது தெரியாமல் பாஜி வந்து இன்னொருமுறை போட்டாள். வேறு வருஷமென்றால் ஒரு கரண்டி நாக்கில் பட்டவுடன் மெற்றில்டா துள்ளியிருப்பாள். இந்த வருஷம் சீனிக்கு மணமில்லையே, என்ன செய்வது?

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்துப் பலூடாவுக்குள் குழாயை விட்டார்கள். முதல் மேசையில் இருந்த தாடிக்காரப் பெரியவர் குழாயை மெல்ல வெளியே எடுத்தார். அடுத்த மேசையில் ஒரு பிள்ளை முகத்தைச் சுழித்தது. பாஜி ஓடிவந்து ஒரு மிடறு குடித்தாள். கோப்பையை வைத்தாள். மெற்றில்டாவைப் பார்த்தாள்.

"நீ ருசி பார்த்தாயா?"

இப்படிக் கேட்ட பிறகு பொய் சொல்லுகிறதென்றால் அதற்கு வேறு ஆள் வேண்டும்.

"இல்லை, பாஜி."

கோப்பைகளைத் திரும்ப வாங்கி, பாலை மாற்றி, சனத்திடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பி முடித்த பிறகு பாஜி கதவோரக் கதிரையில் இருந்தாள். மெற்றில்டா ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். வேலை போகப்போகிறது என்று அவள் நினைத்தாள். நேர்த்தியைச் சொன்னாள். மனிசனின் தொண்டையைச் சொன்னாள். நன்மையைச் சொல்லும்போது இங்கிலிஷ் முடிந்துபோய் தமிழிலேயே சொன்னாள். பாஜிக்கு அதுவும் விளங்கியது.

"அல்லாவுக்குக் கொடுத்த சொல்லா?"

"ஓம்."

"அதை என் பாலுக்காக உடைக்கப் போனாயா?"

"உடைக்கேல்லை. மணந்துதான் பாத்தனான்."

பாஜிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "மணந்து பார்க்கிறவளுக்குத்தானா இவ்வளவு நாளும் 'சரியா, சரியா' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்! கேள். நாளையிலிருந்து நான் பார்க்கிறேன். சமைக்கிறவள் நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று எங்களில் பெரியவர்கள் சொல்லுவார்கள்."

"நீங்கள் ஒருநாளும் அப்பிடிச் செய்யிறேல்லையே."

"மனம் வராது. அது வேறு கதை."

"அப்ப வேண்டாம். நான் ஃபாதரிட்டைக் கேட்டு நேர்த்தியை மாத்திறன். சோத்தை விடுறன், ரீயை விடுறன்…"

"கடவுளோடு பேரம் பேசுகிறாயா? மீன் சந்தையா இது?"

"நீங்கள் துப்பிறதுக்கு நான் விடமாட்டன்."

"நீ விழுங்குகிறதுக்கு நான் விடமாட்டேன்."

கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தியின் நோன்பை மற்றவள் காவல் காத்தால் பாலுக்குச் சீனி யார் பார்க்கிறது? போகும்போது பாஜி மடித்த ஏப்ரனை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் கொழுவினாள். "நாளைக்கு நேரத்தோடு வா," என்றாள். மெற்றில்டா வீடு வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு சீனி கைக்கணக்கில்தான் விழுந்தது. அடுத்த கிழமை வீட்டுக்கு வாணி வந்தாள். பேச்சும் விழுங்கலும் பழக்குகிற பிள்ளை. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையாகிவிட்டவள். தமிழ் தெரிந்த பிள்ளை கிடைத்ததையே மெற்றில்டா ஒரு கொடையாக நினைத்தாள். ஆனால் அன்று வாணியின் முகம் சரியில்லை.

"அங்கிள், நான் சொன்ன பிராக்டிஸ் ஒண்ணும் செய்யலையா?"

செபஸ்தியாம்பிள்ளை யன்னலைப் பார்த்தார்.

"செய்யிறாரில்லைப் பிள்ளை," என்றாள் மெற்றில்டா. "கரண்டியைக் கொண்டு போனா வாயைப் பூட்டிறார்."

"ப… பசை," என்றார் அவர். "போஸ்டர்… ஒட்டலாம்."

வாணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "டேஸ்ட் நல்லா இருக்காது, தெரியும் அங்கிள். ஆனா முழுங்குற தசைக்கு வேலை குடுக்காட்டி அது தூங்கிரும்லா. அப்புறம் வயித்துல ட்யூப் போடுறதைப் பத்தி டாக்டர் பேச வேண்டி வரும். நான் பயமுறுத்தல. உள்ளதைச் சொல்றேன்."

ட்யூப் என்ற சொல் மேசையில் வைத்த கத்தி மாதிரிக் கிடந்தது. மெற்றில்டா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேளாமல் அழுதாள். அழுதுகொண்டு நின்றபோதே அந்த யோசனை வந்தது. யார் தந்தது என்று அவளுக்குத் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பிள்ளை, தண்ணியைத் தடிப்பாக்கிக் குடுக்கிற மாதிரிப் பாலையும் குடுக்கலாமோ? வத்தக் காய்ச்சின பால். சீனி போட்டது. கடைப் பால்."

"பலூடா பாலா ஆண்ட்டி?" வாணியின் கண் விரிந்தது. "பலூடாவே வேணாம். நூல், விதை, தண்ணிப் பால், உருகுற ஐஸ்கிரீம், எல்லாம் ஒரே வாயில வந்தா அது யூனிவர்சிட்டிப் பரீட்சை. அங்கிள் இப்ப பாலர் பள்ளி. எங்க பினாங்குல பச்சை நூல் போட்டுத் தர்ற செண்டோலுக்கும் அதே சட்டம்தான். ஆனா பால் மட்டும்னா…" கொஞ்சம் யோசித்தாள். "ஆடை இருக்கக்கூடாது. நல்லா வடிகட்டணும். பவுடர் போட்டு, கரண்டியைச் சரிச்சா இப்படி மெதுவா நழுவணும். சொட்டக்கூடாது. நிமிர்ந்து உக்காந்து, சின்னக் கரண்டி, ஒவ்வொண்ணா. நான் பக்கத்துல இருந்து முதல்ல பார்க்கிறேன். ஆனா அங்கிள் வாயைத் திறக்கணுமே?"

"திறப்பார்," என்றாள் மெற்றில்டா. அவரிடம் குனிந்தாள். "இஞ்சேருங்கோ. எனக்கு நேர்த்தி. பாஜிக்கு நோன்பு. சீனி பாக்க அந்தக் கடையிலை ஒரு நாக்கில்லை. நீங்கள் பாத்துச் சொல்லாட்டி நாளைக்கும் ஊரெல்லாம் முகத்தைச் சுழிக்கும். ஏலுமோ, ஏலாதோ?"

செபஸ்தியாம்பிள்ளை யன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார். ஸ்ரோக் வந்த நாளிலிருந்து எல்லாரும் அவருக்கு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். உடுத்துவிட்டார்கள், துடைத்துவிட்டார்கள், படுக்கவைத்தார்கள். இது செய்து தா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"கொண்டு… வாரும்," என்றார்.

மறுநாள் வாணி வீட்டிலிருக்க, மெற்றில்டா கடையிலிருந்து சின்னப் பிளாஸ்க்கில் பாலோடு வந்தாள். வடித்தாள், பவுடர் போட்டாள், கரண்டியைச் சரித்து வாணிக்குக் காட்டினாள். செபஸ்தியாம்பிள்ளை நிமிர்ந்து இருந்து வாயைத் திறந்தார். முகத்தைக் குனிந்து நாடியைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொன்னாள் வாணி. தொண்டை மேலே எழும்பித் தயங்கி இறங்கியது. இருமல் வருமா என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

"எப்பிடி?" என்றாள் மெற்றில்டா.

அவர் கண்ணை மூடி யோசித்தார். திருநாள் மேடையில் மைக் பிடிக்கிற முகம்.

"சீனி… காணாது."

மெற்றில்டா ரெலிபோனை எடுத்து, "பாஜி! மோர் சுகர்!" என்று கத்தினாள். அந்தப் பக்கத்தில் கடையே ஆரவாரித்த சத்தம் வாணிக்கும் கேட்டது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கடையில் பால் இறங்கும். சட்டியை மூடி வைத்துவிட்டு பாஜி ஒருவரையும் சீனிப் பக்கம் போகவிடமாட்டாள். மெற்றில்டா வீட்டுக்கு நடப்பாள், கிட்டத்தான் வீடு. தீர்ப்பு ரெலிபோனில் போகும். "கூடிப்போச்சு." "அளவு." "ஏலக்காய்… தூக்கல்." சில நாளில் மனிசன் வேண்டுமென்றே முகத்தைக் கோணலாக்கி, "விளங்கேல்லை. இன்னொரு… கரண்டி," என்பார். மகள் ஜெஸ்ரின் வேலை இல்லாத நாளில் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னாள்: "அப்பா, யு ஆர் சீற்றிங். மூண்டாவது கரண்டி இது."

"நீர்… எக்ஸ்பேட்டோ?" என்றார் அவர்.

முந்தி முழுநாளும் தள்ளிவிட்ட கரண்டிகளை இப்போது அவர் எதிர்பார்த்து இருந்தார். பாலின் ருசியோடு மசித்த சோறும் இறங்கத் தொடங்கியது. சொல்லுகள் கூடின. ஒருநாள் பிளாஸ்க்கைக் கண்டதும், "ஆறிப் போச்சு. கடையிலை வைச்சுத்தான் பாக்கவேணும்," என்று முழு வசனம் ஒன்றைச் சொன்னார். சொன்னது அவருக்கே அதிசயமாக இருந்தது. ஸ்ரோக்குக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வெளியே போக மறுத்த மனிசன், தலையை வாரி, தொப்பி போட்டு, தள்ளுகதிரையில் ஏறி இருந்தார்.

பாஜி கடை வாசலில் நின்று வரவேற்றாள். "வாருங்கள் ஜட்ஜ் சாஹிப்," என்றாள். அவருக்கென்று குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தாள். நோன்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் தன் கரண்டியை மெல்ல விழுங்கி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, வேண்டிய அளவு காக்கவைத்து, "பாஸ்," என்றார். கைதட்டு விழுந்தது.

பெருநாள் வந்தது. றமழான் முடிந்தது. மெற்றில்டாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் உள்ளே ஒரு பயமும் இருந்தது. இனி பாஜிக்கு நோன்பில்லை. சீனியை அவளே பார்த்துக்கொள்ளுவாள். இவருக்கு வேலை முடிந்தது என்றால் வாய் திரும்பப் பூட்டிக்கொள்ளுமோ?

பெருநாளுக்கு அடுத்த நாள் பால் இறங்கினது. பாஜி கரண்டியை எடுத்தாள். சட்டிக்குள் விட்டாள். வாய் வரை கொண்டுபோனாள். பிறகு பிளாஸ்க்குக்குள் ஊற்றி மூடியை இறுக்கினாள்.

"கொண்டு போ."

"பாஜி, உங்களுக்குத்தான் இப்ப நோன்பில்லையே."

"உன் நோன்பு முடியவில்லையே. எங்கள் மாதத்தில் அவர் எங்களுக்குப் பார்த்தார். உங்கள் மாதம் முடியும்வரை இந்தச் சட்டியில் வேறொருவர் கரண்டி விழாது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உண்மையைச் சொன்னால், அவர் நாக்கு உன் நாக்கை விட நல்லது. கோபிக்காதே."

மெற்றில்டா கோபிக்கவில்லை. பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நன்றி சொல்ல இங்கிலிஷில் ஒரு சொல்தான் அவளுக்குத் தெரியும். அது அந்த நாளுக்குக் காணாது.

பாஸ்குவுக்கு முந்தின பெரிய கிழமையில் வாணி சோதனைக்கு வந்தாள். மசித்தது, பிறகு மெத்தென்றது, பிறகு நனைத்த பிஸ்கற் ஒரு துண்டு. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பேசச் சொல்லிக் குரலைக் கேட்டாள். மெற்றில்டாவின் கையில் செபமாலை நகர்ந்துகொண்டே இருந்தது.

"அங்கிள், பாலர் பள்ளி பாஸ்," என்றாள் வாணி. "தண்ணிக்கு இன்னும் பவுடர் வேணும். பலூடாவுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கு, ஏமாத்தாதீங்க. ஆனா ஆண்ட்டி கேட்டது… அந்த அப்பம். சின்னத் துண்டு. அவர் பவுடர் போட்ட தண்ணியிலயே நனைச்சு, கரண்டியில. ஆமா, குடுக்கலாம்."

மெற்றில்டா அந்தப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாணிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "ஐயோ ஆண்ட்டி, நான் ஒண்ணும் செய்யலலா. சீனிதான் செஞ்சுச்சு," என்றாள்.

உயிர்த்த ஞாயிறு அன்று பாஜியின் கடை வான் வண்டியில்தான் கோயிலுக்குப் போனார்கள். தள்ளுகதிரை ஏறக்கூடிய வான் அது ஒன்றுதான். பின்னால் ஐஸ் பெட்டிக்குள் மெற்றில்டாவுக்கென்று ஒரு கோப்பை பலூடா, ஐஸ்கிரீம் வேறாக. பூசை முடிந்து வெளியே வந்த உடனே நேர்த்தி முடிகிறதாம், பாஜி ஜெஸ்ரினிடம் விசாரித்து வைத்திருந்தாள். பாஜியும் உள்ளே வந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கடைசி வாங்குப் பலகையில் ஓரமாக இருந்தாள்.

தமிழ்ப் பூசை. கோயில் நிறைந்த சனம். நன்மை நேரம் வந்தது. ஃபாதரிடம் முதலே சொல்லி வைத்திருந்தார்கள். மெற்றில்டா கதிரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். சனம் வழிவிட்டது. செபஸ்தியாம்பிள்ளையின் இடது கை கதிரைப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது.

ஃபாதர் அப்பத்தில் நகமளவு துண்டு ஒன்றைப் பிட்டு, கரண்டியில் தடித்த தண்ணீரோடு வைத்து, குனிந்தார்.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்," என்றார் அவர். சொல் முழுதாக வந்தது. வாயைத் திறந்தார். வாணி சொன்னபடி நாடியைக் கீழே வைத்தார்.

மெற்றில்டா அவர் தொண்டையையே பார்த்தாள். அது எழும்பியது. நின்றது. கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர்களின் பாட்டு அவள் காதிலிருந்து எங்கோ போய்விட்டது. மாதாவே, மாதாவே. தொண்டை இறங்கியது. அவர் பொறுத்திருந்தார். அவளும் பொறுத்திருந்தாள். இருமல் இல்லை. ஒன்றுமில்லை. அவர் கண்ணை மூடினார்; மூடின கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

இப்போது அவளுடைய முறை. ஃபாதர் நன்மையை உயர்த்திப் பிடித்து, "கிறிஸ்துவின் உடல்," என்றார்.

அவளுக்கு அது கேட்டது. ஆனால் கண் இன்னும் அந்தத் தொண்டையை விடவில்லை.

"பெரிய உபகாரம், ஃபாதர்," என்றாள் மெற்றில்டா.

பின்னால் வரிசையில் நின்ற யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை. அவசரமும் படவில்லை. கையை அப்படியே பிடித்துக்கொண்டு, அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது, திருநாள் மைக்கில் வருகிற பழைய குரலில் பாதி.

"ஆமென் சொல்லும், மெற்றில்டா. சனம் நிக்குது."

"ஆமென்," என்றாள் அவள்.